ஆர்கெஸ்ட்ரா ஒலிப்பதிவும் வீட்டு ஸ்டீரியோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் இசையை நல்ல செட்டில் கேட்க ஆசைப்படுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். ஒலிப்பதிவில் மைக்கை விட அரங்கம் பெரிது, வீட்டில் ஆம்ப்ளிஃபயரை விட அறை பெரிது. இதுதான் என் கட்சி.

நூறு பேர் வாசிக்கும் குழுவைப் பதிவு செய்ய எத்தனை மைக் வேண்டும்?

ஒன்று போதும். 1951இல் சிகாகோ ஆர்கெஸ்ட்ரா ஹாலில் ராபர்ட் ஃபைன் என்ற பொறியாளர் ஒரே ஒரு நியூமன் மைக்கைத் தொங்கவிட்டு, ரஃபேல் குபேலிக் நடத்திய சிகாகோ சிம்பொனி குழுவைப் பதிவு செய்தார். வெளியிட்டது மெர்க்குரி கம்பெனி. குழு கண்ணெதிரே இருப்பது போல இருக்கிறது என்று நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் எழுத, அந்த வரியிலிருந்தே 'லிவிங் பிரசன்ஸ்' என்று தன் இசைத்தட்டு வரிசைக்குக் கம்பெனி பெயர் எடுத்துக்கொண்டது. ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடங்களில் ஒலிப்பது) வந்தபோது ஃபைன் மைக்கின் எண்ணிக்கையை 3 ஆக்கினார். அத்தோடு சரி. மைக்கைத் தொங்கவிட இடம் தேடுவதுதான் அவருடைய பெரிய வேலை. இசையில் மிகச் சத்தமான இடத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லி அளவைக் குறித்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் குமிழைத் தொடமாட்டார்கள். மெதுவான இடம் மெதுவாகவே பதிவாகும்.

இன்றைக்கு ஒரு பெரிய பதிவில் 30, 40 மைக் நிற்பது சாதாரணம். ஆனால் நல்ல பொறியாளரின் கையில், நாம் கேட்பதில் பெரும்பகுதி முன்னால் உயரத்தில் தொங்கும் சில மைக்குகளிலிருந்துதான் வரும். மற்றதெல்லாம் பெருங்காயம் மாதிரி, தனியாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

'டெக்கா ட்ரீ' என்கிறார்களே, அது என்ன?

1954இல் லண்டன் டெக்கா கம்பெனியில் ராய் வாலஸும் ஆர்தர் ஹாடியும் உருவாக்கிய மைக் அமைப்பு. ஒரு சட்டத்தில் இடமும் வலமுமாக ஏறக்குறைய 2 மீட்டர் இடைவெளியில் 2 மைக். அவற்றுக்கு நடுவே, குழுவின் பக்கமாக ஒன்றரை மீட்டர் நீட்டிக்கொண்டு மூன்றாவது. மொத்தச் சட்டமும் நடத்துநரின் (குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துபவர்) தலைக்கு மேலே, தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் நிற்கும். குழு அகலமாக உட்கார்ந்தால் இரு ஓரங்களுக்கும் ஆளுக்கொரு மைக் கூடுதலாக வரும்.

இதில் அதிகம் பேசப்படாத ரகசியம் மைக்கிலேயே இருக்கிறது. டெக்கா தேர்ந்தெடுத்தது நியூமன் எம்50. அதன் ஒலிவாங்கும் தகடு ஒரு சிறு உருண்டையில் பதிந்திருக்கும். கனத்த ஒலிகளை எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வாங்கும், கூரிய ஒலிகளை மட்டும் முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாக வாங்கும். அதனால் அவ்வளவு உயரத்தில் தொங்கினாலும் அரங்கின் கனம் கிடைக்கும், வயலினின் முனையும் மழுங்காது. டெக்காவின் கென்னத் வில்கின்சன் இந்த அமைப்பை வைத்துச் செய்த பதிவுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் டெக்கா ட்ரீயைக் குறை சொல்வார்கள். தள்ளித் தள்ளி வைத்த மைக்குகளுக்கு ஒரே ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால், எந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்பது கொஞ்சம் கலங்கும். அது உண்மைதான். ஆனால் அந்த நேர வேறுபாடுதான் அரங்கம் நம்மைச் சூழ்ந்திருக்கும் உணர்வையும் தருகிறது. துல்லியம், சூழல் இரண்டில் ஒன்றைத்தான் தரமுடியும் என்றால் நான் சூழலை எடுத்துக்கொள்வேன். இரண்டுக்கும் நடுவழி ஒன்றும் உண்டு. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் 2 மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகைக்கு விரித்து வைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு காதுகளின் இடைவெளி. ஓஆர்டிஎஃப் என்று அதற்குப் பெயர். குறைந்த செலவில் கச்சேரி பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஸ்டீரியோவைக் கண்டுபிடித்தது யார்?

ஆலன் ப்ளும்லைன், இங்கிலாந்தில் இஎம்ஐ கம்பெனிப் பொறியாளர். திரையில் ஆள் ஓரமாக நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவது அவருக்கு உறுத்தியது என்பார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய ஒத்திகையை இரண்டு தடங்களில் பதிவும் செய்தார். 1942இல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 38. ஸ்டீரியோ எல்பி (நீண்டநேர இசைத்தட்டு) கடைக்கு வந்தது 1958இல்.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக் வைத்து, அப்புறம் மிக்ஸர் மேசையில் கலந்துகொள்ளலாமே?

செய்து பார்த்திருக்கிறார்கள். டெக்காவே 1960களில் 'ஃபேஸ் 4' என்ற வரிசையில் 20 தடக் கலவை மேசையை வைத்துக்கொண்டு இப்படித்தான் போனது. முதல் பத்து நிமிடம் பிரமிப்பாக இருக்கும், அப்புறம் களைப்பாகிவிடும்.

காரணம் எளிது. ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. பின்வரிசையில் இருக்கும் டிம்பனி என்ற பெரிய முரசிலிருந்து முதன்மை மைக் 12 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த அடி 35 மில்லிவினாடி கழித்தே அங்கே சேரும். டிம்பனிக்கு ஒரு மீட்டரில் வைத்த மைக்கில் 3 மில்லிவினாடியில் சேர்ந்துவிடும். இரண்டையும் கலந்தால், முதலில் வந்த ஒலியை வைத்தே இடத்தைக் கணிக்கும் நம் காது, டிம்பனியைப் பின்வரிசையிலிருந்து தூக்கி வயலின்காரர் மடியில் வைத்துவிடும். மேடைக்கு ஆழமே இல்லாமல் போகும். இப்போது பக்கத்து மைக்கின் ஒலியைக் கணினியில் தாமதப்படுத்திச் சரிசெய்கிறார்கள். அதனால் இந்தக் குறை முன்னளவு இல்லை.

இன்னொரு சிக்கலுக்கு அப்படி மருந்து கிடையாது. வயலின் தன் ஒலியை ஒரே பக்கம் வீசுவதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெவ்வேறு திசைக்கு அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்து ஒரு முழு வயலினாவது சில மீட்டர் தள்ளி, சுவர்களில் பட்டுத் திரும்பிய பிறகுதான். நரம்புக்கு அருகில் வைத்த மைக் கேட்பது அந்த வாத்தியத்தின் ஒரு துண்டை மட்டுமே.

அரங்கம் அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இது. குழு வாசித்து நிறுத்திய பிறகும் ஓசை கொஞ்ச நேரம் காற்றில் தங்கி மெல்லத் தேய்கிறது. வியன்னாவின் முசிக்ஃபெராய்ன், ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் இரண்டிலும் ஆட்கள் நிறைந்திருக்கும்போது அது சுமார் 2 வினாடி. இந்தத் தேய்வை முதன்முதலில் அளந்து, கணக்குப் போட்டு ஓர் அரங்கத்தை வடிவமைத்தவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் பேராசிரியர். அந்த அரங்கம் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால். மூன்றுமே குறுகிய, உயரமான, நீள்சதுரக் கூடங்கள். பக்கச் சுவர்கள் அருகில் இருப்பதால் ஒலி இரு பக்கத்திலிருந்தும் சீக்கிரமே திரும்பிக் காதுக்கு வருகிறது. விசிறி வடிவ நவீன அரங்குகள் பலவற்றில் இது கிடைப்பதில்லை.

பெரிய கம்பெனிகள் ஒலிப்பதிவுக்குப் போன இடங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். லண்டனில் டெக்காவும் இஎம்ஐயும் முறைவைத்துப் போனது கிங்ஸ்வே ஹாலுக்கு. 1912இல் மெதடிஸ்ட் சபையார் கட்டிய கூட்ட மண்டபம் அது. அழுக்கு, குளிர், சாய்வான தரை. போதாக்குறைக்கு அடியில் பாதாள ரயில். ஆனாலும் 1984 வரை விடவில்லை, ஒலி அப்படி. அங்கே பதிவான பல தட்டுகளில், மெல்லிய பகுதியில் அந்த ரயிலின் உறுமல் கேட்கும். உங்கள் ஸ்பீக்கர் அதைக் காட்டினால் அடிமட்ட ஒலி சரியாக இறங்குகிறது என்று சந்தோஷப்படலாம். மண்டபத்தை 1998இல் இடித்துவிட்டார்கள்.

வியன்னாவில் டெக்கா வாடகைக்கு எடுத்த சோஃபியன்சால் முதலில் நீராவிக் குளியலறை, அப்புறம் நடனக்கூடம். தரைக்குக் கீழே பழைய நீச்சல்குளத்தின் வெற்றிடம். ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்த, ஜான் கல்ஷா தயாரிக்க, வாக்னரின் 'ரிங்' இசைநாடகத்தின் நான்கு பாகங்களும் 1958 முதல் 1965 வரை அங்கேதான் பதிவாயின. 2001இல் தீ விபத்தில் அந்தக் கூடமும் கருகியது, பின்னால் புதுப்பித்துத் திறந்தார்கள். இரண்டு கூடங்களின் அந்தப் பழைய ஒலியும் இனி ஒலிநாடாவில் மட்டும்தான்.

நேரடிக் கச்சேரிப் பதிவு நல்லதா, தனியாக உட்கார்ந்து செய்த பதிவா?

ஆளில்லாத அரங்கில் பதிவு செய்யும்போது இருமல் இல்லை, பிசிறானால் திரும்ப வாசிக்கலாம், மைக்கை வேண்டிய இடத்தில் வைக்கலாம். செலவுதான் தாங்காது. பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தப்படி 3 மணி நேர அமர்வில் வெளியிடத்தக்க இசை 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. மாலர் எழுதிய நீண்ட சிம்பொனி ஒன்றுக்கு எத்தனை அமர்வு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் லண்டன் சிம்பொனி போன்ற குழுக்கள் சொந்த லேபிள் தொடங்கி, ஒரே நிகழ்ச்சியின் இரண்டு மூன்று கச்சேரிகளைப் பதிவு செய்து நல்லதை எடுத்து ஒட்டுகின்றன. இன்று 'நேரடி' என்று போட்டிருப்பதில் ஒட்டு இல்லாதது அரிது. எனக்கு அதில் புகார் இல்லை. பொறியாளர் கைதட்டலை வெட்டுகிறேன் என்று கடைசி ஸ்வரத்தின் தேய்வையும் வெட்டிவிட்டால்தான் கோபம் வரும்.

சிடி போதுமா? ஹை-ரெஸ் (சிடியை விட நுணுக்கமாகப் பதிந்த) கோப்பு வாங்க வேண்டுமா?

சிடி போதும். சிடியின் 16 பிட் அளவு என்பது சுமார் 96 டெசிபல் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் உள்ள இடைவெளி. மேலே மின்விசிறி ஓடும் நம் வீட்டு அறையில் அமைதி என்பதே 35, 40 டெசிபல் இருக்கும். அதற்கு மேல் ஆர்கெஸ்ட்ராவின் உச்சம் 105 என்று வைத்தாலும் 70 டெசிபல் வீச்சுதான் தேவைப்படுகிறது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதிவதில் (44.1 கிலோஹெர்ட்ஸ்) 20 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி முழுதாக அடங்கும், நடுத்தர வயதில் நமக்கு அதுவே கேட்காது. பதிவின்போது 24 பிட் வேண்டும், ஏனென்றால் டிம்பனிக்காரர் எந்த நேரம் எவ்வளவு ஓங்குவார் என்று தெரியாது. மேலே இடம் விட்டு வைக்க வேண்டும். கேட்கும்போது அந்தக் கவலை இல்லை. ஹை-ரெஸ் பதிப்பு வேறு மாதிரி ஒலித்தால் பெரும்பாலும் யாரோ பழைய நாடாவிலிருந்து புதிதாக, கவனமாக மாற்றியிருப்பார்கள். அதற்காக வாங்கலாம், தப்பில்லை.

எல்பியில்தான் உயிர் இருக்கிறது என்கிறார்களே?

கிடார், பாட்டு, ஜாஸ் எல்லாம் எல்பியில் இனிமைதான். சிம்பொனிக்கு அந்த வடிவம் பொருந்தவில்லை என்பேன். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசியின் கீழ் பள்ளம் ஓடும் வேகம் மாறுகிறது. வெளி விளிம்பில் வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர், உள்ளே முடியும் இடத்தில் 21 வாக்கில். கீறலுக்கு இடம் குறையக் குறைய ஒலி பிசிறும். சிம்பொனி பெரும்பாலும் எப்படி முடியும்? எல்லோரும் சேர்ந்து ஓங்கி முழங்கித்தான். அதாவது தட்டின் மிக மோசமான இடத்தில், மிகக் கடினமான இசை. டெலார்க் கம்பெனி 1979இல் வெளியிட்ட சாய்கோவ்ஸ்கியின் '1812' தட்டில் நிஜ பீரங்கிச் சத்தம் பள்ளத்தில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளைந்திருக்கும். பல ஊசிகள் அங்கே துள்ளி வெளியே விழுந்தன. விளம்பரத்துக்கு அது நன்றாகவே உதவியது.

பணத்தை எதில் போடுவது?

ஸ்பீக்கரில் பாதி. ஆம்ப், சிடி பிளேயர் அல்லது ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து இசையை எடுத்துத் தரும் பெட்டி), எல்லாம் சேர்த்து மிச்சப் பாதிக்குள். ஆம்ப்பில் பார்க்க வேண்டியது வாட் கணக்கு மட்டும்தான். ஒரு ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 87 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டவும் சக்தி இரட்டிப்பாக வேண்டும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் ஜோடி ஸ்பீக்கரிலிருந்து 1 வாட்டுக்கு 84 வாக்கில் வரும். அங்கிருந்து 105ஐத் தொட 120 வாட்டுக்கு மேல் வேண்டும். அந்தச் சக்தி ஒரு நொடிப்பொழுதுக்குத்தான் தேவை, மற்ற நேரம் முழுக்க ஆம்ப் 1 வாட் அளவிலேயே சும்மா நிற்கும். ஆனால் அந்த நொடியில் திணறினால் தாளம், எக்காளம் எல்லாம் கரகரவென்று காதைக் குத்தும்.

சிறிய அறை, மெல்லிய சத்தம் என்றால் கதை வேறு. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர், புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டிதான், ஆனால் நரம்பு வாத்தியங்களை அவ்வளவு இயல்பாகக் காட்டும். 1957இல் வந்த க்வாட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரை இன்றும் பழுதுபார்த்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் அடிமட்ட ஒலியும் பெருஞ்சத்தமும் எதிர்பார்க்கக்கூடாது.

செட் நல்லதுதான், ஆனால் செல்லோவும் டபுள் பேஸும் (தாழ்ந்த ஸ்வரம் வாசிக்கும் பெரிய நரம்பு வாத்தியங்கள்) கும்மென்று ஒரே இரைச்சலாக இருக்கிறது. ஏன்?

அறை. ஒரு சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே சில ஒலிகள் மட்டும் சிக்கிக்கொண்டு வலுக்கும். 4 மீட்டர் நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டர் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ், அப்புறம் அவற்றின் மடங்குகள். டபுள் பேஸின் கடைசி நரம்பு 41 ஹெர்ட்ஸ் என்பதைப் பார்த்தால் எங்கே மோதுகிறது என்று புரியும். நம் வீடுகளில் செங்கல் சுவர், காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஒலி தப்பிக்க வழியே இல்லை. மேலைநாட்டு மரவீடுகளில் பாதி பேஸ் (அடிமட்ட ஒலி) சுவர் வழியாக வெளியே போய்விடும்.

முதலில் காசில்லாத வைத்தியம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து முக்கால் மீட்டராவது முன்னால் இழுங்கள். மூலையில் வைக்கவே வேண்டாம். நீங்கள் உட்காரும் நாற்காலியும் பின்சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, பேஸ் அங்கேதான் குவியும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமைந்தால் நல்லது. பிறகு தரையில் கனமான ஜமுக்காளம், பக்கச் சுவரில் புத்தகம் நிறைந்த அலமாரி. கைதட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று சுவருக்குச் சுவர் அடிக்கும் சத்தம் போயிருந்தால் வயலின் கீச்சிடுவதும் குறைந்திருக்கும். முட்டை அட்டை ஒட்டுவதால் பயனில்லை. மெல்லிய திரைச்சீலை பேஸை எதுவும் செய்யாது.

கேபிள் மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

5 மீட்டருக்குள் என்றால் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போதும். லட்ச ரூபாய் கேபிளை வாங்கியவரிடம் வாதாட வேண்டாம், நட்பு கெடும்.

மெதுவான இடம் கேட்கவே மாட்டேன் என்கிறது, சத்தமான இடத்தில் வீடே அதிர்கிறது. பதிவில் கோளாறா?

இல்லை. படப் பாட்டில் எல்லா இடத்தையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்கு அழுத்தி வைத்திருப்பார்கள், ஓடும் பேருந்திலும் கேட்க வேண்டுமே. ஆர்கெஸ்ட்ரா பதிவில் அப்படிச் செய்வதில்லை. ராவேலின் 'பொலேரோ' பக்கத்து அறையில் வாசிப்பது போல ஒரு சிறு முரசோடு தொடங்கி, கால் மணி நேரம் விடாமல் ஏறிக்கொண்டே போகும். தொடக்கம் கேட்கவில்லை என்று குமிழைத் திருகினால் முடிவில் மாட்டிக்கொள்வீர்கள். மிகச் சத்தமான இடத்தை முதலில் போட்டு, தாங்கக்கூடிய அளவில் குமிழை வையுங்கள். அப்புறம் முதலிலிருந்து போட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஹெட்ஃபோன்?

நள்ளிரவுக்கு நல்லது. குழு தலைக்குள் உட்கார்ந்து வாசிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் படப் பாட்டில் வரும் வயலின் கூட்டமும் இப்படித்தான் பதிவாகிறதா?

பாதி. ஹங்கேரியின் புடாபெஸ்ட் மாதிரி ஊர்களில் நம் இசையமைப்பாளர்கள் பதிவு செய்யும்போது நடத்துநர் தலைக்கு மேல் டெக்கா ட்ரீ மாதிரி அமைப்பு இருக்கும். ஆனால் வாசிப்பவர்கள் காதில் 'டிக் டிக்' என்று தாளக்கணக்கு ஓடும். அப்புறம் சென்னையில் அதன் மேல் பாட்டு, டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் ஏறும்போது அரங்கத்தின் ஓசை அமுங்கிவிடும். 2005இல் இளையராஜா புடாபெஸ்ட் குழுவோடு வெளியிட்ட 'திருவாசகம்' குரலும் குழுவும் சமமாக நிற்க வேண்டிய ஆக்கம். அதை நல்ல ஸ்பீக்கரில் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்கட்டும்?

1974இல் முசிக்ஃபெராய்னில் கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய பீத்தோவன் ஐந்தாவது சிம்பொனி. அந்தக் கூடத்தின் சுவர்கள் வாசிப்பதைக் கவனியுங்கள். அடுத்து, ஸ்டீரியோ தட்டே கடைக்கு வராத 1954இல் ஆர்சிஏ கம்பெனி ஃபிரிட்ஸ் ரைனரையும் சிகாகோ குழுவையும் வைத்து இரண்டே தடத்தில் பதிவு செய்த ரிச்சர்ட் ஷ்ட்ராஸின் ஆக்கங்கள். இன்றைய பதிவுகளில் பல அதன் அருகில் வராது. மூன்றாவதாக, சோஃபியன்சாலில் 1958இல் பதிவான, 'ரிங்'கின் முதல் பாகமான 'தாஸ் ரைன்கோல்ட்' தொடக்கம். டபுள் பேஸ்கள் ஒரே ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க, மேலே கொம்புகள் ஒவ்வொன்றாக எழும்.

வாய்ப்பு கிடைத்தால் ஒருமுறையாவது நேரில் கேட்டுவிடுங்கள். மும்பை என்சிபிஏ கலை மையத்தில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா பருவந்தோறும் வாசிக்கிறது. நேரில் வயலின்கள் இவ்வளவு பளபளப்பாக இருக்காது, டபுள் பேஸ் இப்படிக் கும்மென்று அடிக்காது. திரும்பி வந்ததும் செட்டின் ட்ரெபிள் (கூரிய ஒலி) குமிழைக் கொஞ்சம் குறைப்பீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவருக்குக் கேட்பது பேஸ் மட்டும். ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான ரப்பர் வையுங்கள், பொதுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், டிம்பனி அதிகம் வரும் சிம்பொனிகளை மாலை 7 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஹைடனின் நால்வர் இசை இருக்கிறது, சுவர் தாண்டாது.